எழுதப்படாத விதி – 5: நான்காவது மாடி

சென்ற வாரம் ஓர் அறை வாசலில் நிறுத்தியிருந்தோம். சான் பிரான்சிஸ்கோ நகரம், ஐக்கிய நாடுகள் சதுக்கம், எண் 50. மத்திய அரசுக் கட்டடத்தின் நான்காவது மாடி. 1977 ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமை. தாழ்வாரம் முழுக்கச் சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், வெள்ளைக் கோல்கள், சைகையில் பேசிக்கொள்ளும் விரல்கள். அறைக்கு உள்ளே, மேசைக்குப் பின்னால், ஜோ மால்டொனாடோ. சுகாதாரம், கல்வி, நலம் மூன்றையும் சேர்த்துப் பார்த்த மத்தியத் துறையின் வட்டார இயக்குநர்.

அவருக்கு எதிரே சக்கர நாற்காலியில் ஜூடி ஹியூமன். வயது 29.

ஜூடி சுற்றி வளைக்கவில்லை. 504-ஆம் பிரிவுக்கான விதிகள் என்ன ஆயின? அவற்றில் எதையெல்லாம் திருத்தப் போகிறீர்கள்? மால்டொனாடோவிடம் பதில் இல்லை. திருத்தம் இருக்கட்டும், 504 என்றால் என்னவென்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருடைய அலுவலர்களைக் கேட்டார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை.

நாடு முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் மூன்றரை ஆண்டுகளாக எதிர்பார்த்துக் கிடந்த காகிதம் அது. அதைச் செயல்படுத்த வேண்டிய அலுவலகம் அதைக் கேள்விப்பட்டதே இல்லை!

ஜூடி அறையைவிட்டு வெளியே வந்தார். கூடியிருந்தவர்களிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார். யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். விதிகளில் கையெழுத்து விழும்வரை இங்கேயே இருப்போம்.

அலுவலக நேரம் முடிந்தது. ஊழியர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சுமார் 150 பேர் கிளம்பவில்லை.

*

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்வருவோம்.

1973 செப்டம்பர் 26 அன்று அதிபர் நிக்ஸன் மறுவாழ்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன் இரண்டு முறை அதே மசோதாவை அவர் தடுத்திருந்தார். செலவு அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். அந்தச் சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதுதான் 504-ஆம் பிரிவு. மத்திய அரசிடம் பணம் வாங்கும் எந்தத் திட்டமும், தகுதியுள்ள ஒருவரை அவருடைய உடற்குறையை மட்டும் காரணம் காட்டி ஒதுக்கவோ, பலனை மறுக்கவோ, பாகுபாடு காட்டவோ கூடாது. சாரம் அவ்வளவுதான். கறுப்பின மக்கள் ரத்தம் சிந்திப் பெற்ற 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் சொற்களைப் பார்த்து, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வேலை பார்த்த உதவியாளர்கள் எழுதிச் சேர்த்த வாக்கியம் அது. வாக்களித்த உறுப்பினர்களில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

அரசுப் பணம் வாங்காத பெரிய மருத்துவமனை உண்டா, பல்கலைக்கழகம் உண்டா, பள்ளிக்கூடம் உண்டா? அந்த ஒரு வாக்கியம் உயிர் பெற்றால் அத்தனை வாசல்களும் திறந்தாக வேண்டும். ஆனால் அதற்கு விதிகள் தேவை. எது பாகுபாடு, யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், யாரிடம் புகார் சொல்வது என்று ஒரு துறை உட்கார்ந்து எழுத வேண்டும். நமக்கும் இது பழகிய கதைதான். சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்த அன்றே டீக்கடையில் பேச்சு வந்துவிடும். அரசாணை வந்து சேரும்வரை தாலுகா அலுவலகத்தில் ஒரு காகிதமும் நகராது.

விதிகளை எழுதும் பொறுப்பு அந்தச் சுகாதார, கல்வி, நலத்துறைக்கு. அதிகாரிகள் எழுதியும் வைத்தார்கள். மேலே அமைச்சர் கையெழுத்துப் போடவில்லை. ஜேம்ஸ் செர்ரி என்ற மாற்றுத்திறனாளி வழக்குத் தொடுத்தார். 1976 ஜூலையில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன்பிறகும் கையெழுத்து விழவில்லை. ஆட்சி மாறியது. தேர்தலில் வாக்குறுதி கொடுத்த ஜிம்மி கார்ட்டர் அதிபரானார். புதிய அமைச்சர் ஜோசப் கலிஃபானோ. 1960-களில் அதிபர் ஜான்சனின் வெள்ளை மாளிகையில் இருந்து, பல சமூகநலச் சட்டங்களுக்குத் தோள்கொடுத்த வழக்கறிஞர். இவராவது போடுவார் என்று நம்பினார்கள். விதிகளை இன்னும் படிக்க வேண்டும், அவகாசம் வேண்டும் என்றார் அவர். மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் செலவைக் கணக்குக் காட்டி அவர் காதைக் கடித்துக்கொண்டிருந்தன. மாற்றுத்திறனாளிகளின் கூட்டமைப்பு கெடு விதித்தது: ஏப்ரல் 4.

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். இந்தத் தொடருக்குத் தலைப்பு வைக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாடியில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவரும் பிறந்த நாள் முதலாகவோ, விபத்து நடந்த நாள் முதலாகவோ ஒரு விதியைப் பற்றித்தான் கேட்டு வளர்ந்திருந்தார்கள். உன் விதி, அவ்வளவுதான், பொறுத்துக்கொள். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் வந்த ஜூடியைக் காப்பகத்தில் சேர்த்துவிடும்படி மருத்துவர் பெற்றோருக்கு ஆலோசனை சொன்னார். பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனபோது, நெருப்புப் பிடித்தால் இந்தக் குழந்தையால் ஆபத்து என்று திருப்பி அனுப்பினார்கள். படித்து ஆசிரியர் வேலை கேட்டபோதும் நியூயார்க் கல்வி வாரியம் அதே நெருப்பைத்தான் காட்டியது. 1970-இல் வழக்குப் போட்டு அந்த வேலையை வாங்கினார்.

ஏப்ரல் 5 அன்று அவர் கேட்டது இன்னொரு விதி. அச்சில் வரக்கூடியது, அமைச்சரின் கையெழுத்தோடு.

*

அன்றைக்கு ஒரு நகரத்தில் மட்டும் இது நடக்கவில்லை. வாஷிங்டன், நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, அட்லாண்டா, டென்வர், சியாட்டில் என்று அந்தத் துறையின் அலுவலகங்கள் இருந்த பல நகரங்களிலும் மாற்றுத்திறனாளிகள் நுழைந்தார்கள். வாஷிங்டனில் கலிஃபானோவின் தலைமை அலுவலகத்திலேயே உட்கார்ந்தார்கள். அமைச்சர் போலீஸை அனுப்பவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தூக்கி வெளியே எறியும் காட்சி தொலைக்காட்சியில் வந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பதிலாக உணவை நிறுத்தினார். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை. மருந்தும் உணவும் தவறினால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இருந்தவர்களால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? 28 மணி நேரத்தில் வாஷிங்டன் கலைந்தது. மற்ற நகரங்களும் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

சான் பிரான்சிஸ்கோ மட்டும் மிச்சம்.

அதை நேரில் பார்த்தவர்கள் பின்னாளில் சொல்லியும் எழுதியும் வைத்ததைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நிற்பது அந்த முதல் இரவில்தான். போராட்டம் என்றால் முழக்கம், பதாகை, தடியடி என்றே நாம் பழகியிருக்கிறோம். அந்த மாடியில் இரவு ஒன்பது மணிக்கு எழுந்த கேள்விகள் வேறு. இவரை நாற்காலியிலிருந்து யார் இறக்குவது? எங்கே படுக்க வைப்பது? சிறுநீர்க் குழாயை யார் மாற்றுவது? கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவர் தானாகப் புரண்டு படுக்க முடியாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்பிவிட வேண்டும். தவறினால் தோல் வெந்தது மாதிரி ஆகிப் படுக்கைப் புண் வரும். அது சீழ் பிடித்தால் ஆளையே கொண்டுபோய்விடும். காலையில் கூட்டத்துக்கு வந்துவிட்டு மாலையில் திரும்பலாம் என்று வந்தவர்கள்தான் பெரும்பாலோர். மாற்றுத்துணி இல்லை, பல்துலக்கி இல்லை. பலரிடம் மருந்தும் இல்லை. பலருக்கு அன்றாடம் உதவும் பணியாளர்கள் வீட்டில் இருந்தார்கள்.

தெரிந்தே வந்து உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். சிறை செல்லும் போராளிக்குச் சிறை ஆபத்து. இவர்களுக்கு ஓர் இரவு தரையில் படுப்பதே ஆபத்து.

அன்றிரவு நடந்தது இதுதான். கை அசைபவர், அசையாதவருக்கு ஊட்டினார். நடக்க முடிந்தவர் தூக்கினார், திருப்பினார், துடைத்தார். பகலில்தான் அறிமுகமானவர்கள், ஒருவர் உடம்பை இன்னொருவர் கையில் ஒப்படைத்துத் தூங்கினார்கள். குளிரில் வைத்தால்தான் கெடாத மருந்துகள் இருந்தன. குளிர்பதனப் பெட்டி இல்லை. மால்டொனாடோவின் அறைக் குளிர்சாதனக் கருவியின் மேல் ஓர் அட்டைப்பெட்டியை ஒட்டுநாடாவால் ஒட்டினார்கள். அதுவே மருந்துப் பெட்டி ஆனது.

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததும் இல்லை. வளைகுடாவின் அக்கரையில் இருக்கும் பெர்க்லியில் 1972-லேயே சுயசார்பு வாழ்க்கைக்கான மையம் ஒன்றை மாற்றுத்திறனாளிகளே தொடங்கியிருந்தார்கள். பணியாளரைத் தேர்ந்தெடுப்பதும், வேலை சொல்வதும், வேண்டாமென்றால் நிறுத்துவதும் மாற்றுத்திறனாளியின் கையில். காப்பகத்தில் எப்போது எழ வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்று வேறொருவர் மணியடித்துச் சொல்வார். இங்கே மணி அவரவர் கையில். அங்கே பழகியவர்கள் பலர் இந்த மாடியில் இருந்தார்கள்.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். கிட்டி கோன். தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருந்தவர். ஊரறிந்த முகம் ஜூடி என்றால், கணக்குப் போட்டு வைத்திருந்த மூளை கிட்டி. ஏப்ரல் 5-க்குப் பல வாரங்களுக்கு முன்பே தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், குடிமை உரிமை அமைப்புகள் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆதரவு சேர்த்தவர். உணவுக்கு ஒரு குழு, மருந்துக்கு ஒரு குழு, பத்திரிகையாளரிடம் பேச ஒரு குழு என்று உள்ளே வேலை பிரிந்திருந்தது. மற்ற நகரங்கள் கலைந்தும் இந்த நகரம் கலையாததற்கு முதல் காரணம் கிட்டி செய்துவைத்த இந்த அடித்தளம்.

விடிந்தது. யாரும் சாகவில்லை. யாரும் போகவில்லை.

அப்போதுதான் தொலைபேசிகள் ஊமையாயின.

*

வெளியுலகத்தோடு தொடர்பை அறுத்துவிட்டால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தது நிர்வாகம். ஒரு விஷயம் அவர்கள் கணக்கில் வரவில்லை. தொலைபேசி இல்லாமலே வாழ்ந்து பழகியவர்கள் உள்ளே இருந்தார்கள்.

காதுகேளாத போராட்டக்காரர்கள் நான்காவது மாடி ஜன்னல்களில் வந்து நின்றார்கள். கீழே சதுக்கத்தில் ஆதரவாளர்களும், சைகை மொழி தெரிந்தவர்களும். மேலே விரல்கள் பேசின. கீழே இருந்தவர்கள் படித்து மற்றவர்களுக்குச் சொன்னார்கள். என்ன மருந்து வேண்டும், எந்தச் செய்தி எந்தப் பத்திரிகைக்குப் போக வேண்டும், எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஓசையில்லாமல் இறங்கியது. ஊரெல்லாம் குறை என்று சொன்ன ஒன்றுதான் அன்றைக்கு அந்தக் கட்டடத்தின் ஒரே தந்திக்கம்பி.

சரி, செய்தி இறங்கியது. சாப்பாடு ஏற வேண்டுமே?

பிராட் லோமாக்ஸ் என்ற இளைஞர் உள்ளே இருந்தார். கறுப்பினத்தவர். நரம்புகளைத் தின்னும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தியிருந்தது. ஓக்லாந்து பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏற வழியில்லாததால், அவருடைய தம்பி அவரைத் தூக்கிப் பேருந்தில் உட்காரவைத்து, மறுபடி இறங்கி நாற்காலியை ஏற்றுவது வழக்கம். லோமாக்ஸ் கருஞ்சிறுத்தைகள் கட்சிக்காரர். அவருக்குப் பணியாளராக இருந்த சக் ஜாக்சனும் அதே கட்சி. ஜாக்சன் அந்த மாடியில் லோமாக்ஸை மட்டும் கவனிக்கவில்லை. வேறு பலரையும் தூக்கினார், திருப்பினார், குளிப்பாட்டினார்.

இரண்டு தோழர்கள் உள்ளே இருக்கிறார்கள். கட்சி என்ன செய்யும்? பத்து ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கியோடு தெருவில் நின்று அமெரிக்காவையே அதிரவைத்த கட்சி அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு சமைத்துப் போட்டதும் அதே கட்சிதான். அந்த அடுப்புகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. ஓக்லாந்திலிருந்து பாலத்தைத் தாண்டிச் சூடான சாப்பாடு வந்தது. லோமாக்ஸுக்கும் ஜாக்சனுக்கும் மட்டும் அல்ல, உள்ளே இருந்த அத்தனை பேருக்கும். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, தினமும்.

வாசலில் காவலர்கள் மறித்தார்கள். சாப்பாட்டை விடாவிட்டால் இன்னும் அதிகமான தோழர்களோடு திரும்பி வருவோம் என்று கருஞ்சிறுத்தைகள் பதில் சொன்னதைப் போராட்டத்தில் இருந்த கார்பெட் ஓடூல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சாப்பாடு உள்ளே போனது.

வாஷிங்டனை 28 மணி நேரத்தில் வீழ்த்திய ஆயுதம் சான் பிரான்சிஸ்கோவில் முறிந்தது இங்கேதான். ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் இன்னொரு சமூகத்துக்கு உலை வைத்தது. இதைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. பிராட் லோமாக்ஸ் 1984-இல் இறந்துபோனார். அவர் பெயரைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் இன்றும் குறைவு.

நகரமும் சும்மா இருக்கவில்லை. மேயர் ஜார்ஜ் மோஸ்கோனே மெத்தைகளோடும், கைகழுவும் குழாயில் பொருத்திக் குளிப்பதற்கான ரப்பர் குழாய்களோடும் வந்தார். தேவாலயங்கள் உதவின. தெரு வன்முறையிலிருந்து தங்கள் மக்களைக் காக்க ரோந்து போன ஒருபாலீர்ப்பு இளைஞர்களின் குழு, நடந்துகொண்டே பேசும் வாக்கிடாக்கிக் கருவிகளை ரகசியமாக உள்ளே சேர்த்தது. ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு. உள்ளே இருந்த குழந்தைகளுக்காக அலுவலக மேசைகளுக்கு நடுவே முட்டை தேடும் விளையாட்டு நடந்தது. பார்வையற்ற இளைஞர் டென்னிஸ் பில்லப்ஸ் சோர்ந்தவர்களைப் பாட்டாலும் பேச்சாலும் தேற்றிக்கொண்டே இருந்தார். படம் எடுக்க வந்த ஹொலின் டிலில், சக்கர நாற்காலியில் இருந்தவர், திரும்பிப் போகவில்லை. அவரும் போராட்டக்காரர் ஆகிவிட்டார். நான்காவது மாடியை இன்றைக்கு நாம் கண்ணால் பார்க்க முடிவது அவர் எடுத்த படங்களால்.

ஒவ்வொரு முடிவும் கூட்டம் போட்டே எடுக்கப்பட்டது. கூட்டங்கள் நள்ளிரவைத் தாண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தொடங்க மாட்டார்கள். பேச்சுத் தடுமாறுபவர் பேசி முடிக்கும்வரை அனைவரும் காத்திருப்பார்கள். அவசரம் என்று யாரையும் தாண்டிப் போகவில்லை.

பத்து நாட்கள் ஆயின. அமைச்சர் வாய் திறக்கவில்லை. அப்போது வாஷிங்டனிலிருந்து ஒருவர் வந்தார்.

*

ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. கலிஃபோர்னியாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிலிப் பர்ட்டனும் ஜார்ஜ் மில்லரும் ஒரு காரியம் செய்தார்கள். போராட்டக்காரர்கள் பிடித்துவைத்திருந்த அந்தக் கட்டடத்துக்கு உள்ளேயே நாடாளுமன்ற விசாரணை ஒன்றைக் கூட்டினார்கள். அமைச்சரின் சார்பில் பேச வந்தவர் ஜீன் ஐடன்பெர்க்.

அமைச்சகம் மறுபரிசீலனை செய்யும் விஷயங்கள் 22 என்று அவர் வாயிலிருந்துதான் முதன்முதலில் வெளியே வந்தது. எந்தெந்தக் கட்டடத்துக்குச் சாய்தளம் வேண்டாம், எந்தெந்தப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பலாம் என்ற பேச்சு. தனி இடம், ஆனால் சமமான வசதி என்ற பழைய வாதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது. கறுப்பினப் பிள்ளைகள் விஷயத்தில் அதே வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-லேயே குப்பையில் போட்டிருந்தது.

பேசி முடித்த ஐடன்பெர்க் எழுந்தார். மக்கள் சொல்வதைக் கேட்க உட்காரவில்லை. அறையைவிட்டு வெளியேறி, பக்கத்தில் ஓர் அலுவலக அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.

பர்ட்டன் ஆஜானுபாகுவான மனிதர். கோபக்காரர். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்னாலேயே ஓடினார். கதவைக் கையால் தட்டினார், காலால் உதைத்தார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், அரசு அதிகாரி ஒளிந்துகொண்ட கதவை உதைக்கிறார்! ஐடன்பெர்க் வெளியே வந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

சாட்சிகள் பேசத் தொடங்கினார்கள். எட் ராபர்ட்ஸ் பேசினார். 14 வயதில் இளம்பிள்ளைவாதம் அவருடைய கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. இரவில் இரும்பு நுரையீரல் என்ற சுவாச இயந்திரத்துக்குள் படுத்துத் தூங்கி, பகலில் பெர்க்லியில் படித்துப் பட்டம் பெற்றவர். வேலை பார்க்கத் தகுதியில்லாத அளவுக்கு ஊனம் என்று ஒரு காலத்தில் மாநில மறுவாழ்வுத் துறை அவரைத் தள்ளியது. 1977-இல் அந்தத் துறைக்கே அவர்தான் இயக்குநர். அரசு அதிகாரியாக இருந்துகொண்டே போராட்டக்காரர்கள் பக்கம் நின்றார்.

பிறகு ஜூடியின் முறை. குரல் உடைந்தது, விழுங்கிக்கொண்டு பேசினார். எங்களைப் பிரித்துவைப்பது பற்றி இனி ஒரு பேச்சும் வேண்டாம், சட்டம் இருக்கிறது, அதை நடைமுறைப்படுத்துங்கள், அவ்வளவுதான் என்றார். எதிரே ஐடன்பெர்க் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நம் அலுவலகங்களில் மனு கொடுக்கப் போனவர்களுக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். ஜூடி பேச்சை நிறுத்தினார். நான் சொல்வது உங்களுக்குப் புரிகிறது என்று நான் நினைக்கவில்லை, அதனால் தலையாட்டுவதை நிறுத்துங்கள் என்று நேருக்கு நேர் சொன்னார்.

அறையில் அழுதவர்கள் பலர். கதவை உதைத்த பர்ட்டனும் அழுதார்.

ஐடன்பெர்க் வாஷிங்டன் திரும்பினார். கையெழுத்து வரவில்லை.

*

இப்போது அந்த மாடியில் இரண்டு கருத்துகள். வயிறும் உடம்பும் தாங்கும்வரை இங்கேயே இருப்போம் என்றார்கள் சிலர். இங்கே எத்தனை நாள் இருந்தாலும் பேனா வாஷிங்டனில் இருக்கிறது என்றார்கள் சிலர். இரவு முழுக்கப் பேசினார்கள். கடைசியில் இரண்டையும் செய்வது என்று முடிவானது. ஒரு சிறு குழு அமைச்சரையும் அதிபரையும் தேடிப் போகும். மற்றவர்கள் கட்டடத்தை விடாமல் பிடித்திருப்பார்கள். ஒருவர்கூட மிச்சமில்லாமல் கட்டடம் காலியானால் போராட்டமே முடிந்தது.

ஏப்ரல் 19. ஜூடி, கிட்டி, லோமாக்ஸ், ஜாக்சன் எல்லோரும் கிளம்பினார்கள். லோமாக்ஸுக்கும் ஜாக்சனுக்கும் கருஞ்சிறுத்தைகள் கட்சி விமானச் செலவைக் கொடுத்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி நிருபர் இவான் ஒயிட்டும் கூடவே பறந்தார். அவர் எடுத்த முடிவு எவ்வளவு பெரியதென்று அடுத்த வாரம் பார்க்கப் போகிறோம்.

வாஷிங்டனில் இறங்கியாயிற்று. விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது? சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பேருந்து இல்லை, வாடகைக் கார் இல்லை. எதற்காகப் போராடுகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இயந்திரத் தொழிலாளர் சங்கம் ஒரு லாரியை ஏற்பாடு செய்திருந்தது. வீட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்லும் மூடிய லாரி. பின்பக்கம் சாமான் தூக்கும் தளம். ஒவ்வொரு சக்கர நாற்காலியாக, பீரோவையும் கட்டிலையும் ஏற்றுவது போல, மேலே ஏற்றினார்கள். ஜன்னல் கிடையாது. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கதவு இறங்கியதும் உள்ளே கும்மிருட்டு. லாரி திரும்பும்போதெல்லாம் நாற்காலிகள் உருண்டன. ஒருவர் இன்னொருவர் நாற்காலியைப் பற்றிக்கொண்டார்கள்.

லாரி விடுதிக்குப் போகவில்லை. நேராக அமைச்சர் கலிஃபானோவின் வீட்டுக்குப் போனது.

இரவு. பணக்காரர்கள் வசிக்கும் அமைதியான தெரு. கதவு திறந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். வீட்டின் முன்னால் வரிசையாக நின்று மெழுகுவத்தி ஏற்றினார்கள். மெல்லிய குரலில் பாடினார்கள். விடிந்ததும் அமைச்சர் வேலைக்குக் கிளம்பித்தானே ஆகவேண்டும். அந்த வாசல் வழியாகத்தானே வரவேண்டும். முகத்துக்கு நேராக ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடலாம். குளிரில் விடிய விடிய அந்த முன்வாசலையே பார்த்தபடி இருந்தார்கள்.

அந்த வீட்டுக்குப் பின்பக்கமும் ஒரு வாசல் இருந்தது.

(தொடரும்)